ஐந்துக்குக் கீழே

புதன்கிழமை பத்து மணிக்குள் கதையை எடைபோட்டுவிட வேண்டும். தவறினால் அடுத்த வார இதழில் இடம் இல்லை. இருபத்தாறு வருடங்களாக எழுதும் பிரகாசி மச்சாது ஒரு புதன்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. விடிந்ததும் கடுங்காப்பி, கடைசிப் பத்தியில் நாலு அடித்தல் திருத்தல், இரண்டு இட்லி, எட்டரைக்குத் தோணித்துறை. முத்துத்துறையின் தெருக்கள் கடலுக்குள் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது. ஊர் இப்போது கடலில் தூண்கால் ஊன்றி நிற்கும் பன்னிரண்டு மாடங்களில் குடியிருந்தது. கரையில் மிஞ்சியது அலுவலகங்களும் ஒரு பள்ளிக்கூடமும் நாலைந்து கடைகளும் மட்டும். அதில் ஒன்றுதான் கதைச் சான்றகம்.

சான்றகத்து வராந்தாவில் அசன் கனி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்து மூன்று வயது. எதிர்காலக் கதை எழுதுகிறவர்களில் ஊருக்கே மூத்தவர்; எல்லாருக்கும் அண்ணன், 'காக்கா'.

"என்ன தங்கச்சி, இந்த வாரம் யாரைக் கொல்லப்போற?"

"யாரையும் கொல்லல காக்கா. ஒரு கட்டடத்தைச் சாய்ச்சிருக்கேன், அவ்வளவுதான். நீங்க?"

"நான் மனுசனுக்கு வால் வச்சிருக்கேன். வால் வச்சா பாயிண்ட் ரெண்டுக்கு மேல போகாது. நேத்தே முத்திரை விழுந்தாச்சு, தாளை வாங்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்."

காதல் கதைக்காரர்களுக்கும் துப்பறியும் கதைக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. எதிர்காலத்தைத் தொட்டால்தான் எடை. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு வார இதழில் அணை உடைகிற கதை ஒன்று வந்தது. எழுதியவர் கைத்திறன் அப்படி; படித்தவர்கள் நம்பிவிட்டார்கள். மூன்று தாலுகா ஜனங்கள் ஒரே மத்தியானத்தில் ஓடியதில் ஒரு பாலத்தில் நாற்பத்தோரு பேர் மிதிபட்டுச் செத்தார்கள். அணை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு வந்ததுதான் கதைச் சான்றுச் சட்டம்.

சட்டம் சொல்வது சின்ன விஷயம். எதிர்காலக் கதை எதுவானாலும் நிகழ்மானியில் வைக்க வேண்டும். வானிலைக் கோள், கடல் மிதவை, ஆஸ்பத்திரி ஏடு, தூண்காலுக்குள் பதித்த உணரி, எல்லாவற்றையும் இரவு பகலாகப் படித்துக்கொண்டிருக்கும் இயந்திரம் அது. கதையைப் படித்துவிட்டு, இது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். காரணம் சொல்லாது. எண் ஐந்துக்குக் கீழே இருந்தால் வெள்ளை முத்திரை, அச்சுக்குப் போகலாம். ஐந்தைத் தொட்டுவிட்டால் அது கதை இல்லை, முன்னறிக்கை. காப்பகத்துக்குப் போய்விடும். எழுதியவர் அதை வெளியில் சொன்னாலே பீதிக் குற்றம்.

முத்திரை வாங்கிய எண்ணைத் தலைப்புக்குக் கீழே அச்சிட வேண்டும் என்பதும் சட்டம்தான். காலப்போக்கில் வாசகர்களுக்கு அதுவே ருசியாகிப் போனது. பாயிண்ட் ஒன்று, இரண்டு என்றால் குழந்தைகளுக்கு. நாலைத் தாண்டினால் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார்கள். பிரகாசியின் கதைகள் எப்போதும் நாலரைக்கு மேல்தான் இருக்கும். 'நாலே முக்கால் பிரகாசி' என்றால் தோணிக்காரருக்கும் தெரியும்.

அதனால்தான் அன்றைக்குத் திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது அவளுக்கு. அறுபத்தொன்று.

கதை ஒன்றும் பிரமாதம் இல்லை. போன வாரம் திமிங்கிலம் எழுதியாகிவிட்டது, அதற்கு முந்தின வாரம் நிலா. எட்டுப் பக்கம் நிரப்ப வேண்டுமே என்று, கடலில் நிற்கும் ஒரு மாடத்தின் தூண்கால்களை உப்பு உள்ளுக்குள்ளேயே தின்றுவிடுவதாகவும், ஒரு மத்தியானம் மாடம் அப்படியே சாய்வதாகவும் எழுதியிருந்தாள்.

ஒருவர் புதன் தொடங்கி ஒரு வாரத்துக்கு மூன்று முறைதான் எடைபோடலாம். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அவள் அதிகம் யோசிக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து மாடத்தைக் கடலிலிருந்து தூக்கி, தரையில் வைத்தாள். ஏழு. உப்பை எடுத்துவிட்டு நிலநடுக்கம் என்று மாற்றினாள். நாலு புள்ளி ஏழு. வெள்ளை முத்திரை விழுந்தது. எண்ணைச் சீவி இறக்குவது என்று தொழிலில் சொல்வார்கள். அவளைவிட லாவகமாகச் சீவுகிறவர் மாவட்டத்திலேயே இல்லை. சந்தோஷத்தில் கரைக்கடையில் கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு தோணி ஏறினாள்.

மூன்றாவது மக்ரூன் வாயில் கரையும்போதுதான் உறைத்தது.

தரையில் வைத்தால் ஏழு. கடலில் வைத்தால் அறுபத்தொன்று. இயந்திரத்துக்குத் தன் கதை பிடித்துப்போய் எண் ஏறவில்லை. அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எங்கேயோ ஒரு மாடம், எங்கேயோ உப்பு. அது சொல்ல வந்ததை உட்கார்ந்து நிதானமாகச் சீவி எறிந்துவிட்டு, அதற்கு மக்ரூன் வாங்கித் தின்று கொண்டாடியிருக்கிறேன்!

மீதி மக்ரூனைத் தோணிக்காரரிடம் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, தோணியைத் திருப்புங்க" என்றாள்.

*

எதிர்காலக் கதையாளர் சங்கத்தில் மொத்தம் பதினொரு பேர். வழக்கமாகக் கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள். மறுநாள் பிரகாசி ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னதில் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"எண்ணை இறக்குறதுக்கு இத்தனை வருஷமா நாம என்ன செய்யுதோம்? ஒவ்வொரு விவரமா மாத்திப் பார்க்கோம். மாத்தினா எறங்குதா, அந்த விவரம்தான் நிசம். அதையே தலைகீழாச் செய்வோம். எண்ணை ஏத்துவோம். எந்த மாடம், எந்த மாசம், எந்த நாள்னு தெரிஞ்சுபோகும். என்னோட மூணு முறை முடிஞ்சுபோச்சு. உங்க பத்து பேருக்கும் ஆளுக்கு மூணு இருக்கு."

"ஒரே கதையை முப்பது தடவை வச்சா மானி நகல்னு துப்பிருமே" என்றார் ஒருவர்.

"ஒரே கதை இல்ல. முப்பது கதை. ஆளாளுக்கு அவங்கவங்க பாணியில."

இரண்டு நாளில் முப்பது கதை. வருடத்துக்கு ஆறு கதை எழுதுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அசன் கனி தொண்டையைச் செருமினார். "மாடம் சாயும்போது வால் இருக்கலாமா?"

"வால் வச்சா எண் படுத்துரும் காக்கா."

"அப்ப ஒரு காதலாவது வச்சுக்கிடுதேன். சும்மா கட்டடம் விழுறதையே எழுத எனக்குக் கை வராது."

"காதல் வைங்க. ஆனா ரெண்டு பேரும் ஏழாம் மாடத்துல இருக்கட்டும். மத்தவங்க ஆளுக்கொரு மாடம் எடுத்துக்கிடுங்க."

எழுதினார்கள். சாப்பாட்டு இலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுதினார்கள். சங்கத்துக் கரும்பலகையில் பிரகாசி கட்டம் போட்டு எண்களைக் குறித்துக்கொண்டே வந்தாள். ஒன்றாம் மாடம், பூஜ்யம் புள்ளி நாலு. இரண்டு, பூஜ்யம் புள்ளி மூன்று. அப்படியே பன்னிரண்டு வரைக்கும் பூஜ்யம்தான், ஒன்றைத் தவிர. அசன் கனியின் காதலர்கள் எண்பத்தெட்டு வாங்கியிருந்தார்கள்.

"என் வாழ்நாள்ல இவ்வளவு பெரிய மார்க் வாங்கினதில்ல தங்கச்சி" என்றார் அசன் கனி. சிரிக்கவில்லை.

பிறகு மாதம், பிறகு வாரம். முப்பதாவது கதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தபோது கட்டம் நிரம்பிவிட்டது. ஏழாம் மாடம். கடல் பக்கத்துத் தூண்கால் வரிசை. ஐப்பசி இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில். தொண்ணூற்று நாலு.

அன்றைக்கு ஐப்பசி இரண்டு. ஏழாம் மாடத்தில் இருநூற்றுப் பதினாலு குடும்பம். ஒன்பதாவது தளத்தில் பிரகாசியின் தம்பி எஸ்தாக்கியும் அவன் மனைவியும்.

*

சான்று அதிகாரி திரவியம் மோசமான மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அம்மா, மானி கதையைப் பத்தித்தான் சொல்லுது. கட்டடத்தைப் பத்திச் சொல்லல. கட்டடத்துக்குப் பொறியாளர் சான்று இருக்கு, போன சித்திரையிலதான் கொடுத்திருக்காங்க."

"தொண்ணூத்து நாலு, சார்."

"போன வருஷம் அஞ்சைத் தாண்டினது ஆறாயிரத்துச் சொச்சம் கதை. அதுல நடந்தது எத்தனை, நடக்காதது எத்தனைன்னு காப்பகத்துல வரிசையாப் பார்த்துட்டு வர்றாங்க. உங்களோடதுல தாண்டினது எல்லாம் வரிசையில சேர்ந்தாச்சு. அவசரம்னு மேல ஒரு குறிப்பும் எழுதிட்டேன். அப்படியும் தை மாசம் ஆகும்."

"தை மாசம் அங்க மாடம் இருக்காது."

திரவியம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்தப் பாலத்துல எங்க அத்தையும் மாமாவும் இருந்தாங்கம்மா. அணைக் கதையைப் படிச்சவங்க இல்ல, அவங்க. படிச்சவங்க ஓடினதைப் பார்த்து ஓடினவங்க. எனக்குச் சட்டம்னா வெறும் காகிதம் இல்ல."

டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். நேராக ஏழாம் மாடத்துக்குப் போனாள்.

எஸ்தாக்கி வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பீதிக் குற்றம் என்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தான்.

"எக்கா, இருபத்தாறு வருஷத்துல இந்த ஊரை எத்தனை தடவை கடல்ல முக்கியிருக்க? நான் எண்ணிவச்சிருக்கேன். ஒம்பது தடவை. ஒரு தடவை திமிங்கிலம் வந்து எங்களைத் தின்னுச்சு."

"அதெல்லாம் நாலே முக்கால்டா. இது தொண்ணூத்து நாலு."

"எங்க, தாளைக் காட்டு."

"தாள் தரமாட்டாங்க. திரையில மட்டும்தான் காட்டுவாங்க."

"பெறவு?" வலையை மடியிலிருந்து இறக்கினான். "நான் உன்னை நம்புதேன்னே வையி. நானும் என் பொஞ்சாதியும் எறங்கி வாரோம். மத்தவங்க? இருநூத்திப் பதிமூணு வீட்டுக் கதவைத் தட்டி, 'எங்கக்கா சொன்னா'ன்னு சொல்லவா? செருப்பால அடிப்பாவ. இங்க எல்லாரும் உன்னைப் படிக்கிறவங்கக்கா. முத்திரையோட அச்சுல வந்தாத்தான் ஒரு சொல்லாவது நிக்கும்."

"அச்சுல வராதே, அதுதானே சட்டம்."

"அப்ப எறங்கவும் மாட்டாவ. நானும் அவங்களை விட்டுட்டு எறங்கமாட்டேன். அது உனக்குத் தெரியும்."

தெரியும். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். தோணியில் திரும்பி வரும்போது ஏழாம் மாடத்தின் கடல் பக்கத்துத் தூண்கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சுத்தமாக, நேராக, வெள்ளை பூசி நின்றன.

*

திங்கட்கிழமை, 'நாளைமறுநாள்' இதழின் ஆசிரியர் கோமதிநாயகம் கூப்பிட்டார். புதன்கிழமை தோணியைத் திருப்பிப் போய் அவள் நிலநடுக்கக் கதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதில் எட்டுப் பக்கம் காலியாக இருந்தது.

"தாயி, என்ன பண்ணுறீங்க? கதை எங்க?"

"எழுதுறதெல்லாம் தாண்டிப் போகுது சார்."

"எல்லாத்தையும் உடைக்கிறதும் முக்குறதுமா இருந்தா தாண்டத்தான் செய்யும். ஜனங்களுக்கும் அலுத்துப்போச்சு. ஒரு தடவையாவது நல்லதா ஒண்ணு எழுதுங்க. சோறு பொங்கினாங்க, சாப்பிட்டாங்க, படுத்தாங்க. ஒண்ணும் நடக்காத கதை. ஏன், எழுதக் கூடாதா?"

"எதிர்காலத்துல சோறு பொங்கினா அது எப்படி சார் அஞ்சுக்குக் கீழ வரும்? தொண்ணூத்தொம்பதுல்ல வரும்..."

சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவள் வாய் நின்றுவிட்டது. கோமதிநாயகம் இரண்டு முறை 'ஹலோ' என்றார்.

"சார், வியாழக்கிழமை இதழ்தானே? எட்டுப் பக்கத்தையும் அச்சேத்தாம எனக்கே வச்சிருங்க, புதன்கிழமை முத்திரையோட நானே கொண்டுவாரேன். யாருக்கும் கொடுத்திராதீங்க."

அன்று மத்தியானம் உட்கார்ந்தவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் எழுந்தாள். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு சிரமப்பட்டு அவள் எதையும் எழுதியதில்லை. தலைப்பு, 'ஏழாம் மாடத்தில் ஐப்பசி இருபத்தொன்பது'. காலையில் ஆறாம் தளத்தில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை. நாலாம் தளத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்பல் விழுகிறது. அதைக் கடல் பக்கத்து ஜன்னல் வழியாக எறிகிறாள். ஒன்பதாம் தளத்தில் எஸ்தாக்கி வலை பின்னுகிறான், தூங்கிப்போகிறான், குறட்டை விடுகிறான். சாளை மீன் குழம்பு கொதிக்கிறது. இருநூற்றுப் பதினாலு அடுப்பிலும் சோறு பொங்குகிறது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள். வாசலில் துணி காய்கிறது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. கதையில் இருந்த மனிதர்களின் பெயர்கள் எல்லாம் அந்த மாடத்து மனிதர்களின் பெயர்கள். அவர்களிடமே அனுமதி வாங்கிப் பல முறை அப்படி எழுதியிருக்கிறாள், திமிங்கிலம் தின்ற கதை உட்பட.

புதன்கிழமை ஒன்பதே காலுக்குத் திரவியத்தின் முன்னால் வைத்தாள். அவர் எப்போதும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மானியில் வைப்பார். இந்த முறை முழுக்கப் படித்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல ஒண்ணுமே நடக்கலையேம்மா."

"ஆமா சார்."

மானியில் வைத்தார். திரையில் எண் வந்தது. மூன்று புள்ளி ஒன்று.

அவர் அந்த எண்ணைப் பார்த்தபடியே இருந்தார். வெளியே வராந்தாவில் யாரோ தும்மினார்கள். திரவியத்தின் கை முத்திரைக் கட்டையை எடுத்தது. எடுத்த கை காகிதத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு விழுந்தது.

"அஞ்சுக்குக் கீழதான் இருக்கு. சட்டப்படி தடுக்க எனக்கு எதுவும் இல்ல." காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "எண்ணைத் தலைப்புக்குக் கீழ போடணும். அதுவும் சட்டம்தான். மறக்காமப் போடச் சொல்லுங்க. ஓடாம, வரிசையா எறங்கச் சொல்லியும் எங்கயாவது எழுதலாமேன்னு நினைச்சேன்."

"எழுதியிருக்கேன் சார். ஏழாம் பக்கம். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு வரிசையா எறங்கிப் போற இடம்."

*

வியாழக்கிழமை, ஐப்பசி எட்டு. ஏழாம் மாடத்தின் கீழ்த்தளத்து டீக்கடையில் பிரகாசி காலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். பத்து மணித் தோணியில் இதழ் வந்தது. கடைக்காரர் வழக்கம்போல உரக்க வாசிக்க ஆரம்பித்தார். நாலைந்து பெண்கள் தண்ணீர்க்குடத்தோடு நின்றார்கள்.

முதலில் ஒரே சிரிப்பு. பெயர் வரும்போதெல்லாம் கேலி.

"ஏய் அமலி, உன் மக பல்லு விழுதாம்ட்டி!"

"எஸ்தாக்கி குறட்டையை அச்சுலயே போட்டுட்டாவளே!"

மூன்றாம் பக்கத்தில் சுவாரசியம் குறைந்தது. ஐந்தாம் பக்கத்தில் கடைக்காரரே கொட்டாவி விட்டார். "என்ன பிரகாசியக்கா, சப்புன்னு இருக்கு. திமிங்கிலத்தைக் கூட்டிட்டு வாங்க. இதுக்கு என்ன நம்பர் போட்டிருக்கான்..." முதல் பக்கத்துக்குத் திருப்பினார். "மூணு புள்ளி ஒண்ணு."

"முப்பத்தொண்ணா இருக்கும், சரியாப் பாரும்" என்றாள் அமலி.

"இல்லம்மா. மூணு. வெள்ளை முத்திரை."

"சோறு பொங்குறது எப்படி மூணு வரும்?"

அமலி குடத்தைக் கீழே வைத்தாள். இதழைக் கடைக்காரர் கையிலிருந்து வாங்கித் தலைப்பைப் படித்தாள், எண்ணைப் படித்தாள், மறுபடி தலைப்பைப் படித்தாள். ஐப்பசி இருபத்தொன்பது அன்றைக்கு இந்த மாடத்தில் சோறு பொங்க, துணி காய, தன் மகளுக்குப் பல் விழ, நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. இருபது வருடமாக எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கதை படித்தவர்கள் அவர்கள். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அமலி பிரகாசியைப் பார்த்தாள். பிரகாசி பார்வையைத் திருப்பவில்லை. அமலி மீதிப் பக்கங்களைப் புரட்டினாள்.

"ஏழாம் பக்கத்துல பிள்ளைங்க எப்படி எறங்குதுன்னு போட்டிருக்கு?" என்றாள் அமலி, குரலைத் தாழ்த்தி. "தளம் தளமா. அப்படியே போவோம். ஓடக்கூடாது."

யாரும் ஓடவில்லை. பாத்திரம், பாய், தையல் மிஷின், மாதா படம், கோழிக்கூடு என்று சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதிமூன்று குடும்பம் கரைப் பள்ளிக்கூடத்துக்கும் மற்ற மாடங்களுக்கும் போய்விட்டது. கடைசியாக எஸ்தாக்கி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். "குறட்டையை எடுத்திருக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னான்.

ஐப்பசி இருபத்து மூன்று, மத்தியானம் மூன்றே முக்காலுக்கு ஏழாம் மாடம் கடல் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

*

திரவியம் அடுத்த வாரம் பிரகாசியின் வீட்டுக்கே வந்தார். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று மேலிடத்தில் நாலு நாளாகத் தேடுவதாகவும், கிடைக்கவில்லை என்றும், புதிதாக ஒரு பிரிவு எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். "எழுதி முடிக்கிறவரைக்கும் உங்க உரிமம் உங்ககிட்டதான். வாரத்துக்கு மூணு எடை." பிறகு வாசலைக் காட்டினார். "இது என்னம்மா கூட்டம்?"

அதைத்தான் அவளும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடியிருந்த மூன்றாம் மாடத்தின் படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். இரண்டு வரி, நாலு வரி. துபாய்க்குப் போன கணவர் பொங்கலுக்கு வருகிறார். மகளுக்குத் தையில் கல்யாணம். எல்லாம் எதிர்காலக் கதைகள். எல்லாருக்கும் ஒரே வேண்டுதல், தங்கள் கதை ஐந்தைத் தாண்டித் தள்ளுபடி ஆக வேண்டும்.

வரிசையில் முதலில் நின்றவள் நாலாம் மாடத்து முத்துப்பேச்சி. முப்பது வயது இருக்கும். தாளை நீட்டினாள். 'வருகிற ஜூன் மாதம் என் மகன் சுடலைமணி பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறான்.'

"ரத்தத்துல கோளாறுன்னு ஆஸ்பத்திரியில மூணு மாசமா வச்சிருக்கு அக்கா. டாக்டர் ஒண்ணும் பிடிகொடுத்துச் சொல்ல மாட்டேங்காரு. இதை மட்டும் மானியில வச்சுப் பாருங்க. அஞ்சுக்கு மேல வந்தாப் போதும். ஆறு வந்தாக்கூடப் போதும்."

ஆஸ்பத்திரி ஏடுகளையும் அந்த இயந்திரம் படிக்கிறது. அதற்குத் தெரிந்திருக்கும். இந்த வாரத்தில் பிரகாசிக்கு இன்னும் மூன்று எடை பாக்கி இருந்தது.

"வெள்ளை முத்திரை விழுந்தா என்ன செய்வ?" என்று கேட்டாள்.

முத்துப்பேச்சியின் முகம் மாறியது. "ஏழாம் மாடத்துக்காரங்களுக்குச் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். மாடத்தை விட்டு எறங்கிறலாம். பிள்ளையை விட்டு எங்க எறங்குவ?"

பிரகாசி எழுந்து வாசலுக்கு வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "கதை வேணும்னா எழுதித் தருவேன். யாருக்கு வேணும்னாலும், எத்தனை நாள் ஆனாலும். எடை மட்டும் போடமாட்டேன். இனிமே ஒரு கதைக்கும் போடமாட்டேன்."

"அப்ப பத்திரிகையில வராதேம்மா" என்றார் திரவியம்.

"வரவேண்டாம் சார்."

முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். சிலர் திட்டிக்கொண்டே போனார்கள். ஊருக்கே தன்னைத் தெரியும் என்கிற திமிர் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. முத்துப்பேச்சி போகவில்லை. போகத் தெம்பு இல்லாதவள்போல வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிரகாசி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பேனாவை எடுத்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு யார்கூடப் போவான்?"

"கீழ்வீட்டு ஆசீர்கூட." வேண்டா வெறுப்பாகத்தான் பதில் வந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரு நிமிசம் ஆகாது. ஆனா ஒருத்தனை விட்டு ஒருத்தன் போகமாட்டானுவ."

"மத்தியானத்துக்கு என்ன கொடுத்து விடுவ?"

"எலுமிச்சஞ்சோறு. கடலையை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு சோத்தை மீனுக்குப் போட்டுருவான், களவாணி."

பிரகாசி எழுதினாள். அவள் கேட்கக் கேட்க முத்துப்பேச்சி சொல்லிக்கொண்டே போனாள். தோணியில் எந்த ஓரத்தில் உட்காருவான், எந்த வாத்தியாருக்குப் பயப்படுவான், மழை வந்தால் குடையை விரிக்காமல் எப்படிச் சுழற்றுவான். நடுவில் ஒரு முறை தன்னை மறந்து சிரித்தாள். எட்டுப் பக்கம் ஆனது. சுடலைமணி ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை தோணியிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனான், ஆசீரோடு வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே.

முத்துப்பேச்சி தாள்களை வாங்கித் தலைப்பைப் பார்த்தாள். அதற்குக் கீழே வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையை விரலால் தடவினாள்.

"இது நடக்குமா அக்கா?"

"தெரியாது முத்துப்பேச்சி."

அவள் உதட்டை அசைத்து அசைத்து மெதுவாகப் படித்தாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள், மறுபடி படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். நெற்றி சுருங்கியது.

"பச்சைப் பைன்னு எழுதியிருக்கீங்க. அவனுக்கு நீலம்தான் பிடிக்கும்."

பிரகாசி தாளை வாங்கி, பச்சையை அடித்துவிட்டு, நீலம் என்று எழுதினாள்.